அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் முதலில் கேளுங்கள்

ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கும் திருப்பூர் நிறுவனம் எதற்குள்ளாவது நுழைந்து "போன மாசம் சேல்ஸ் எவ்வளவுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஷாப்பிஃபை பார்க்கிற பையன் ஒரு தொகை சொல்வான். டேலியில் உட்கார்ந்திருக்கிற அக்கா வேறொன்று சொல்வார். முதலாளி பேங்க் ஸ்டேட்மென்டைத் திறந்து மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூன்று பேரும் சொல்வது உண்மைதான். கோவையில் இருந்தபடி இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு டேட்டா இன்டகிரேஷன் செய்து கொடுப்பது என் பிழைப்பு. கிளவுடில் ஒரு சேவையை வாங்கி எல்லாவற்றையும் இணைத்துவிட்டால் மூன்று தொகையும் ஒன்றாகிவிடும் என்று நம்பித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். இணைத்தால் மூன்றும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். அதற்கு மேல் அந்தச் சேவை எதையும் தானாகத் தீர்த்துவைக்காது.

ஒரே ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். விலை வரியோடு சேர்த்து 799 ரூபாய். ஷாப்பிஃபை கணக்கில் அது 799. இந்த விலையிலுள்ள உடுப்புக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆகவே டேலியின் சேல்ஸ் லெட்ஜரில் ஏறுவது 760.95, மீதி 38.05 வரி லெட்ஜருக்குப் போகும். பேமென்ட் கேட்வே 2 சதவீதம் கட்டணம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 15.98 ரூபாய், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2.88. பேங்குக்கு வருவது 780.14. அதுவும் தனியாக வராது, அன்றைய மற்ற ஆர்டர்களோடு சேர்ந்து மொத்தமாக வரும். மார்க்கெட்பிளேஸ் வழியாக விற்றிருந்தால் ஜிஎஸ்டி டிசிஎஸ், வருமான வரி டிடிஎஸ் என்று இன்னும் இரண்டு பிடித்தம். கேஷ் ஆன் டெலிவரி (சிஓடி) என்றால் வாங்கியவர் கதவைத் திறக்காமலே சட்டை திரும்பிவிடலாம். அப்போது ஷாப்பிஃபையில் ஆர்டர் இருக்கும், டேலியில் பில்லும் அதற்கு ஒரு கிரெடிட் நோட்டும் இருக்கும், பேங்கில் ஒன்றும் இருக்காது.

அதனால் எந்தச் சேவையின் டெமோவையும் பார்ப்பதற்கு முன், அக்கவுண்ட்ஸில் இருப்பவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். முன்பணம் கட்டிய ஆர்டர் ஒன்று, சிஓடி ஒன்று, பாதி திரும்பி வந்தது ஒன்று. மூன்றையும் ஆர்டர் விழுந்ததிலிருந்து பேங்க் வரவு வரை பேப்பரில் பின்தொடருங்கள். ஒரு நிறுவனத்தில் நான் இப்படி உட்கார்ந்தபோது அந்த அக்கா என்னிடம், "நீங்க சொல்ற சேல்ஸ் வேறங்க சார், நான் ஃபைல் பண்ற சேல்ஸ் வேற" என்றார். அந்த வரியை அப்படியே எழுதிவைத்து, டாஷ்போர்டில் 'ஆர்டர் மதிப்பு', 'பில் மதிப்பு', 'கைக்கு வந்தது' என்று மூன்று தனிப் பெயர் வைத்தோம். 'சேல்ஸ்' என்ற பெயரில் எந்தக் கட்டமும் வைக்கவில்லை. முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு திங்கள்கிழமை மீட்டிங்கில் யாருடைய தொகை சரி என்ற சண்டை வரவில்லை.

சேவையைத் தேர்ந்தெடுப்பதில் அடிக்கடி பார்க்கிற குழப்பம் ஒன்று உண்டு. ஸோஹோ ஃப்ளோ, ஸாப்பியர் போன்றவை ஒரு சம்பவம் நடந்ததும் இன்னொரு இடத்தில் ஒரு வேலையைச் செய்பவை: ஆர்டர் விழுந்தால் குடோனுக்குத் தகவல் போகும். ஃபைவ்ட்ரான், ஏர்பைட், அஸ்யூர் டேட்டா ஃபேக்டரி போன்றவை மொத்த டேட்டாவையும் பழைய வரலாற்றோடு சேர்த்து நகலெடுத்து பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக் மாதிரியான கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டுபவை. கணக்குப் போடுவது அங்கே போன பிறகுதான். மூன்று வருட லாப நஷ்டம் பார்க்க முதல் வகையை வாங்குவதும், ஸ்டாக் தீர்ந்ததைக் கடையில் உடனே காட்ட இரண்டாவதை வாங்குவதும் வீண் செலவு. உங்களுக்குத் தேவை அறிக்கையா, உடனடி வேலையா என்று விற்பனைப் பிரதிநிதி கேட்காவிட்டால் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் கிளவுட் என்று தொடங்கும் பேச்சு கடைசியில் டேலியில் வந்துதான் நிற்கும். டேலி பெரும்பாலும் ஆபீஸில் ஒரு மேஜைக்கு மேல் இருக்கிற கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. வெளியிலிருந்து கேட்டால் எக்ஸ்எம்எல் வடிவில் பதில் சொல்லும், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில். ஆனால் டேலி திறந்திருக்க வேண்டும், அந்த கம்பெனி லோட் ஆகியிருக்க வேண்டும். ஆகவே அந்த கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஏஜென்ட் மென்பொருளைப் போட்டு, அது டேலியிடம் வாங்கி மேலே அனுப்பும்படி செய்வதுதான் நடைமுறை. கிளவுட் ஆட்கள் பழக்கத்தில் ராத்திரி 2 மணிக்கு நேரம் குறிப்பார்கள். ராத்திரி 2 மணிக்கு அந்த ஆபீஸில் மெயின் ஸ்விட்சே அணைந்திருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வையுங்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

டேலியில் ஒவ்வொரு வவுச்சருக்கும் ஆல்டர்ஐடி என்று ஒரு எண் உண்டு. வவுச்சரைத் திருத்தினால் அந்த எண் ஏறும். கடைசியாக எடுத்த எண்ணுக்கு மேலுள்ளதை மட்டும் கேட்டால் புதியதும் திருத்தியதும் வந்துவிடும், வேகமாகவும் இருக்கும். அழித்த வவுச்சர் மட்டும் வராது. இல்லாத ஒன்றுக்கு ஏது எண்? கிளவுடில் அது உயிரோடு இருந்துகொண்டே இருக்கும். டேலி என்றில்லை, 'கடைசியாக மாறிய நேரம்' பார்த்து டேட்டா எடுக்கிற எந்த இணைப்புக்கும் இதே தொல்லைதான். அதனால் வாரம் ஒருமுறை கடந்த இரண்டு மாத வவுச்சர்களின் எண்ணிக்கையையும் மொத்தத்தையும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, உதைத்தால் அந்த மாதத்தை முழுதாகத் திரும்ப இழுக்கும்படி எழுதிவைக்கிறேன். எந்தச் சேவையை வாங்கினாலும் "அழிச்சது எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அதற்கு விற்பவர் சொல்லும் பதிலிலேயே அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடும்.

நேரமும் இப்படித்தான். கிளவுட் கிடங்குகள் பொதுவாக யூடிசி நேரத்தில் கணக்கு வைக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். முதல் தேதி அதிகாலை 3 மணிக்கு விழுந்த ஆர்டர் யூடிசியில் போன மாதத்தின் கடைசி நாளாகிவிடும். நள்ளிரவில் தள்ளுபடி திறந்த மாதத்தில் இது சில்லறை வித்தியாசமாக இருக்காது, ஜிஎஸ்டி ரிட்டர்னோடு ஒப்பிடும்போது கணக்குப் பிள்ளைக்கு வியர்த்துவிடும். தேதியைப் பிரிப்பதற்கு முன்பே இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள், ஒரே இடத்தில் மாற்றுங்கள்.

நடுவில் எக்ஸெல் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். குடோன்காரர் சிஎஸ்வி கோப்பை எக்ஸெலில் திறந்து சேமித்த மாத்திரத்தில் 890-ல் தொடங்கும் 13 இலக்க பார்கோடு 8.90-ஓடு ஒரு 'ஈ' சேர்ந்து சுருங்கிவிடும், கடைசி இலக்கங்கள் போனவை போனவைதான். எண்ணுக்கு முன்னால் இருக்கிற பூஜ்யமும் பறக்கும். பார்கோடு, பின்கோடு, போன் எண் எல்லாவற்றையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் இல்லை.

வாடிக்கையாளரை அடையாளம் காண ஜிஎஸ்டிஐஎன்னை வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். மொத்த வியாபாரத்துக்கு ஓரளவு சரி. ஆனால் அந்த 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அதே நிறுவனத்துக்குக் கேரளத்தில் கிளை இருந்தால் 32-ல் தொடங்கும் வேறு எண். அடுத்த 10 எழுத்து பான். இரண்டையும் ஒரே பார்ட்டி என்று சேர்க்க அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதிவே செய்யாத சின்னக் கடைகளுக்கு இதுவும் உதவாது. அங்கே பெயரையும் போன் எண்ணையும் வைத்து ஒருவர் கையால்தான் சேர்க்க வேண்டும், அந்த வேலைக்கு இன்னார் என்று ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமித்தால்தான் நடக்கும்.

பில் பற்றி. ஃபைவ்ட்ரான் மாதத்தில் எத்தனை வரிசை மாறியது என்று பார்த்துக் காசு கேட்கிறது. அதே வேலையைச் செய்யும் ஏடபிள்யூஎஸ் குளூ ஓடிய நேரத்துக்குக் கேட்கிறது. முதல் வகையில், தீபாவளிக்கு முன் மொத்த கேட்டலாகின் விலையையும் ஒரு நாளில் மாற்றினால் அத்தனை வரிசையும் கணக்கில் ஏறும். இரண்டாவதில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விட்டால் ஏறும். "எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை புதுசா வேணும்?" என்று கேட்டால் எல்லா முதலாளிகளும் "லைவ்ல வேணுங்க" என்பார்கள். எத்தனை மணிக்குப் பார்ப்பீர்கள் என்று கேட்டால் காலை பத்தரை என்பார்கள். பத்து மணிக்கு ஒருமுறை ஓடினால் போதும்.

சேவை பச்சை டிக் காட்டுவதை நம்பாதீர்கள். வேலை ஓடி முடிந்தது என்றுதான் அதற்கு அர்த்தம், டேட்டா வந்தது என்றில்லை. பூஜ்யம் வரிசை வந்தாலும் பச்சைதான். நான் செய்வது எளிய ஏற்பாடு. தினமும் காலையில் நேற்றைய ஆர்டர் எண்ணிக்கை கடையில் எவ்வளவு, கிடங்கில் எவ்வளவு என்று இரண்டு எண் அக்கவுண்ட்ஸ் அக்காவின் வாட்ஸ்அப்புக்குப் போகும். ஐடி ஆளுக்கு மட்டும் அனுப்பினால் அவர் மியூட் பண்ணிவிடுவார். அக்கா பண்ண மாட்டார், மாதக் கடைசியில் மாட்டிக்கொள்ளப்போவது அவர்தானே.

வாடிக்கையாளரின் போன் எண்ணும் முகவரியும் அறிக்கைக்குத் தேவையில்லை என்றால் கிடங்குக்கே கொண்டுபோகாதீர்கள். 2023-ன் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, தேவையில்லாமல் சேர்த்து வைத்திருப்பதே ஒரு சுமை. ஊர் பார்க்கப் பின்கோடு போதும்.

கடைசியாக, கணக்குத் தொடங்கும் மின்னஞ்சல். இந்த இணைப்புகளில் பல, அனுமதி கொடுத்தவருடைய லாகினோடு கட்டப்பட்டவை. அவர் வேலையை விட்டுப் போய் அந்த ஐடியை முடக்கிய அன்று டேட்டா நிற்கும், காரணம் தேடி ஆபீஸே அலையும். நிறுவனத்தின் டொமைனில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொது ஐடி உருவாக்கி, எல்லா அனுமதியையும் அதிலிருந்தே கொடுங்கள். எழுதிய எஸ்க்யூஎல் கோட்டையும் என்னிடம் விடாமல் உங்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் "இப்போதைக்கு நம்ம பையன் ஜிமெயில்ல போட்டுக்கலாங்க சார்" என்பார்கள். பொது ஐடி வரும்வரை நான் லேப்டாப்பைத் திறப்பதில்லை.