மாசி மாதமும் வீட்டுத் தோட்டத்துப் பறவைகளும்: பார்க்க, படமெடுக்கச் சில குறிப்புகள்

ஹைதராபாத்தில் பனி விலகி, வெயில் இன்னும் சுடத் தொடங்காத மாசி மாதம்தான் பறவை பார்க்க ஏற்ற காலம். குளிர்காலத்துக்கு வந்த விருந்தாளிகள் இன்னும் கிளம்பவில்லை. உள்ளூர்ப் பறவைகளோ கூடு கட்ட ஆரம்பித்துவிட்டன. இ.சி.ஐ.எல். பக்கம் எவ்வளவு நெரிசல் இருந்தாலும், குஷாய்குடாவின் உள்தெருக்களில் மா, கொய்யா, முருங்கை நிற்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கப்ரா ஏரியும் பக்கத்தில்தான். மொட்டை மாடியில் நாலு தொட்டி இருந்தாலே போதும்.

1. முதலில் தண்ணீர் வையுங்கள். அகலமான மண் தட்டு, இரண்டு விரல்கடை ஆழம், நடுவில் சொரசொரப்பான ஒரு கல். வழுவழுப்பான பிளாஸ்டிக் தட்டில் சின்னப் பறவைகளுக்குக் கால் நிற்காது. தினமும் தண்ணீரை மாற்றி, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக வளரச் சுமார் ஒரு வாரம் ஆகும் என்பதால், தினம் மாற்றினால் டெங்கு பயமும் இல்லை.

2. தட்டைப் புதருக்குள் செருகி வைக்காதீர்கள்; பூனை பதுங்கும். புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, திறந்த இடத்தில் வையுங்கள். பூனையைப் பறவை பார்த்துவிடும். பறந்து ஒளியப் புதரும் எட்டும்.

3. தானியம் இறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த ஊரில் கம்பும் அரிசியும் இறைத்தால் வருவது பெரும்பாலும் மாடப்புறாதான். கூட்டம் சேர்ந்துவிட்டால் எச்சம் காய்ந்து தூசியாகி, மூச்சுக்கோளாறு உள்ளவர்களைப் படுத்தும். அதற்குப் பதில் செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை, கொய்யா, கறிவேப்பிலை வையுங்கள். பூவுக்குத் தேன்சிட்டும் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் தாமாக வரும்.

4. பூச்சி மருந்து வேண்டாம். தேன்சிட்டுகூடக் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பூச்சியும் சிலந்தியும்தான். மூலையில் இருக்கும் ஒட்டடையையும் பங்குனி வரை விட்டுவையுங்கள். தேன்சிட்டும் தையல்சிட்டும் கூடு கட்டச் சிலந்தி நூலைத்தான் தேடி வருகின்றன.

5. சங்கராந்திக்குப் பட்டம் விட்ட மாஞ்சா நூல் பிப்ரவரியிலும் மரங்களில் தொங்கும். பறவை பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இதுதான். ஒரு நீளக் கழியில் அரிவாளைக் கட்டி, வீட்டு மரத்திலும் கேபிள் கம்பியிலும் (மின்கம்பி பக்கம் போகவே வேண்டாம்) சிக்கியிருக்கும் நூலை இழுத்தெடுத்து, துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே தடை செய்தும் அது ஒழிந்தபாடில்லை. சிக்கிய பறவையைக் கண்டால் நூலை இழுக்காதீர்கள். இழுத்தால் சிறகுத் தசையை அறுத்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் கத்தரித்து, துணியால் மூடி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் வைத்து, விலங்கு மீட்பு அமைப்புக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். அதன் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

6. காலை ஏழிலிருந்து ஒன்பது மணி வரை நல்ல வெளிச்சம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வீடு கிழக்குப் பார்த்தது என்றால், காலையில் வாசலிலிருந்து எடுக்கும் படத்தில் பறவை கரிய நிழலாகத்தான் விழும். அந்தப் பக்கத்தை மாலைக்கு வைத்துக்கொண்டு, காலையில் பக்கவாட்டுத் தோட்டத்தில் எடுங்கள்.

7. ஊதாத் தேன்சிட்டில் வெளிச்சத்தின் அருமை தெரியும். ஆண் குருவி ஆண்டின் ஒரு பகுதியில், பெட்டையைப் போல மஞ்சளாக, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோட்டோடு திரியும். மாசிக்குள் முழுக்கக் கறுத்துவிடும். நிழலில் பார்த்தால் வெறும் கறுப்பு. நேர் வெயிலில் அது தலையைத் திருப்பும் நொடியில் நீலமும் ஊதாவும் பச்சையும் பளிச்சென்று ஓடும். அதனால் பூவைக் குறிவையுங்கள், பறவையை அல்ல. வெயில் படும் ஒரு செம்பருத்திக் கொத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் அது திரும்பத் திரும்ப அங்கேயே வரும்.

8. இந்தப் பருவத்தில் ஆண் தேன்சிட்டு பைக் கண்ணாடியில் தன் நிழலையே எதிரி என்று நினைத்துக் கொத்திக்கொண்டிருக்கும். அதை வீடியோ எடுத்து ரசிக்காதீர்கள். கண்ணாடியில் ஒரு பழைய துணிப்பையை மாட்டிவிடுங்கள். பெட்டையைத் தேட வேண்டிய நேரத்தை அது வீணாக்கிக்கொண்டிருக்கிறது.

9. தண்ணீர்த் தட்டுக்கு அருகில், இரண்டடி உயரத்தில், வேப்பங்குச்சியோ புளியங்கிளையோ ஒன்றை நட்டு வையுங்கள். தட்டில் இறங்குவதற்கு முன் பறவை அதில் உட்கார்ந்து அக்கம்பக்கம் பார்க்கும். அந்த மூன்று நான்கு நொடிதான் உங்கள் படம். குச்சிக்குப் பின்னால் மதில் பத்தடியாவது தள்ளி இருந்தால் பின்புலம் மங்கலாகி, பறவை மட்டும் துல்லியமாக நிற்கும். குச்சி தடிமனாக இருந்தால் காலை மறைக்கும். சுண்டுவிரல் பருமன் போதும்.

10. ஜன்னல்தான் நல்ல மறைவிடம். அறை விளக்கை அணைத்து, திரைச்சீலையின் இடுக்கில் லென்ஸை நீட்டுங்கள். கண்ணாடி வழியாக எடுப்பதானால் லென்ஸ் அதைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், பிரதிபலிப்பு விழாது.

11. கேமராவில் ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறைய வேண்டாம், சிட்டுகளுக்கு 1/2000. மா மரத்து நிழலில் ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை முடியாது. ஃபோகஸ் எப்போதும் கண்ணில். கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானை வெளிர் வானத்துக்கு எதிரே எடுத்தால் எக்ஸ்போஷரை +1 ஏற்றுங்கள்.

12. செல்போன் மட்டும்தான் இருக்கிறதா? 8×42 பைனாகுலரின் ஒரு கண்ணில் போனின் கேமராவை ஒட்டிவைத்து எடுக்கலாம். பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

13. காதைப் பழக்குங்கள். ஒரே தாளத்தில் ‘டுக்... டுக்... டுக்’ என்று கேட்டால் செம்மார்புக் குக்குறுவான். காலை வெயிலில் இலையில்லாத உச்சிக் கிளையில் தேடுங்கள். அது பட்ட கிளையில்தான் பொந்து குடையும். முருங்கையின் காய்ந்த கிளையை, யார் தலையிலும் விழாது என்றால், வெட்டாமல் விட்டுவையுங்கள். குரலை வைத்துப் பெயர் சொல்ல, கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அது சொல்வதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே எழுதிக்கொள்ளுங்கள்.

14. அதே செயலியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு, இல்லாத ஒரு போட்டியாளனை அது தேடி அலையும்.

15. பாதாம் மரத்து அகல இலைகள் ஓரங்களில் தைத்ததுபோல் தெரிந்தால், அது தையல்சிட்டின் கூடு. இலையை விலக்கிப் பார்க்கவோ, மறைக்கும் கிளையை ஒடிக்கவோ வேண்டாம். காக்கைக்கு வழி காட்டியதாகிவிடும். ஃபிளாஷ் கூடாது. கூட்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு ஊரைக் கூட்டாதீர்கள். காட்டுப் பறவைகளின் கூட்டைக் கலைப்பதை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குற்றம் என்கிறது.

16. சூறைக்குருவிகளைத் தவறவிடாதீர்கள். இளஞ்சிவப்பு உடலும் கறுத்த தலையுமாக, பூத்த இலவ மரத்திலும் புரசிலும் கூட்டமாக வந்து இரையும். ஏப்ரலுக்குள் மத்திய ஆசியாவுக்குத் திரும்பிவிடும்.

17. பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். பிப்ரவரி நடுவில், வெள்ளி முதல் திங்கள் வரை, உலகெங்கும் வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அமெரிக்காவில் 1998-ல் தொடங்கி, 2013 முதல் இந்தியாவிலும் நடந்துவருகிறது. பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று பார்த்த பட்டியலை இ-பேர்டு தளத்தில் பதியலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஜனவரியிலேயே பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு உண்டு. அபூர்வப் பறவையை மட்டும் எழுதாமல் காக்கை, மைனா, புறா எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு சேருங்கள். சிட்டுக்குருவி ஒன்றுகூட வரவில்லை என்றாலும் அந்தப் பட்டியல் பயன்படும்.