எந்தக் கூட்டத்துக்குப் போவது?

அன்பு மகனுக்கு,

தாமலிலிருந்து பெரியப்பா எழுதுவது. காஞ்சிபுரத்து ஓட்டல் ஒன்றில் வாரந்தோறும் காலைச் சிற்றுண்டியோடு கூடும் தொழில்முனைவோர் குழுவில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். கட்டணத்தை எழுதியவன், அங்கே என்ன பேசுகிறார்கள் என்று எழுதவில்லையே! ஆளுக்கு ஒரு நிமிடம் தன் கடைப் பெருமை பேசி, கார்டு நீட்டி, "ஆர்டர் இருந்தா சொல்லுங்க" என்று முடிப்பதானால் அதற்கு நீ காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை.

உன் பட்டுப் புடவைத் தொழிலுக்கு உதவும் கூட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு நெசவாளர் சேவை மையங்களைப் பார். 1950களில் புபுல் ஜெயகர் முன்னின்று உருவாக்கியவை. ஓவியர், சாயக்காரர், நெசவாளர் மூவரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்ததுதான் அவற்றின் சாமர்த்தியம். ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன் பம்பாய் மையத்தில் வேலை பார்த்தார். நம் ஓவியர் ஆதிமூலமும் அந்த அமைப்பில் இருந்தவர்தான்.

அப்படிச் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இங்கே தாமலில் நெசவாளர்கள் கூடியிருந்த ஒரு நாள், அரக்குக் கரை போட்ட சந்தன நிறப் புடவை ஒன்று திரும்பி வந்திருந்தது. கரையும் உடலும் கோர்வையில் சேரும் இடத்தைத் தாண்டிச் சிவப்பு உடலுக்குள் கசிந்திருந்தது. நெய்தவர் நூலைக் குற்றம் சொன்னார், கடைக்காரர் நெய்தவரை. சாயப்பட்டறைக்காரர் ஒருவர் விரலை நனைத்துக் கரையோரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நூலுக்குச் சாயம் போட்டது எந்த மாசம்?" என்றார். சித்திரை. கிணறு இறங்கித் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும். சோப்பு நுரைக்காது, மிச்சச் சாயம் அலசலில் போகாது. வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த நெசவாளர் சாயநூலை ஈர வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்காமல் பாவு ஓட்டுவதில்லை.

நீ சேர நினைக்கும் குழு, கெட்டுப்போன சரக்கைக் கூச்சமில்லாமல் எடுத்துவர முடிகிற இடமா என்று பார். யார் பேசுகிறார்கள் என்றும் பார். நம்மூர் ஏரிப் பாசனத்தில் கடைமடைக்காரர் வாய் திறந்தால்தான் வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது என்று தெரியும். மதகை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலையே வராது. உன் குழுவில் ஜக்கார்டு அட்டை அடிப்பவர் உண்டா? ஜரிகையைச் சோதிக்கத் தெரிந்தவர்? கூலிக்கு நெய்பவர்?

தொழில் ரகசியம் போய்விடும் என்று பயப்படுவாய். டிசைனை நீயே வைத்துக்கொள். அதைக் காட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடு. ஆனால் சாயமும் ஜரிகையும் ஒரு கடையில் சோடை போனால் ஊர்ப் பெயரே கெடும். 2005-06இல் வந்த புவிசார் குறியீடு காஞ்சிப் பட்டு முழுவதற்கும் சேர்த்துத்தானே வந்தது?

பணம் கட்டுமுன் இரண்டு வாரம் விருந்தினராகப் போ. கடையில் விலைபோகாமல் கிடக்கும் பழுதான புடவை ஒன்றை எடுத்துப் போய் மேசையில் விரி. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர் இரண்டு பேர் இருந்தால் சேர்ந்துவிடு. கார்டைத்தான் நீட்டுகிறார்கள் என்றால் சாப்பிட்டுவிட்டு வா. அந்த ஓட்டலில் பொங்கல் நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

அன்புடன்,
பெரியப்பா