வெள்ளத்தில் நெல் எடுக்கும் முடிவு

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை மிகும்போது, காவிரிக் கடைமடையில் நட்டுச் சில நாள்களே ஆன சம்பா, தாளடிப் பயிர்கள் மூழ்குவதைக் காண்கிறோம். நீர் வடிந்தபின் சில வயல்கள் அழுகிக் கிடக்கின்றன. சில மீண்டும் துளிர்க்கின்றன. இவ்வேறுபாட்டின் காரணங்களுள் ஒன்று, பயிரின் உயிரணுக்களில் ஹார்மோன்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் இயங்கும் முறையாகும்.

நெற்பயிர் எத்திலீன் என்னும் வாயுவை எப்போதும் சிறிதளவு உண்டாக்குகிறது. காற்றில் அது எளிதில் அகன்றுவிடும். நீரிலோ வாயுக்கள் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகின்றன. ஆதலின், மூழ்கிய பயிருக்குள் எத்திலீன் தேங்குகிறது. அது, வளர்ச்சியை அடக்கும் அப்சிசிக் அமிலத்தைக் குறைத்து, வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரலினின் செயலை மிகுவிக்கிறது. ஜிப்ரலின் தன் ஏற்பியுடன் இணைந்ததும், எஸ்.எல்.ஆர்.1 என்னும் தடைப்புரதம் சிதைக்கப்படுகிறது. தடை நீங்கவே இலையும் தண்டும் நீள்கின்றன.

மெல்ல உயரும் வெள்ளத்தில் ஆழ்நீர் நெல் இவ்வாறு நீண்டே பிழைக்கிறது. ஆனால், திடீர் வெள்ளத்தில் நம் குட்டை ரகங்கள் நீர்மட்டத்தை எட்ட இயலாமல், சேமித்த மாவுச்சத்தைச் செலவிட்டு ஓய்கின்றன. ஒரு வாரத்திற்குமேல் முழுதும் மூழ்கினால் பெரும்பாலும் மடிகின்றன.

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ நெல்லோ வேறு வழியை மேற்கொள்கிறது. அதிலுள்ள சப்1ஏ மரபணுவை அறிஞர்கள் 2006இல் இனங்கண்டு வெளியிட்டனர். அம்மரபணுவைத் தூண்டுவதும் அதே எத்திலீன்தான் என்பது வியப்பன்றோ! தூண்டப்பட்ட மரபணு எத்திலீன் உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறது, தடைப்புரதத்தைப் பெருக்குகிறது. ஜிப்ரலின் இருந்தும் பயிர் நீள்வதில்லை. உணவைச் சேமித்து, இரு வாரம் வரையிலும் தாங்கி, நீர் வடிந்ததும் துளிர்க்கிறது.

நம் உழவர் பொன்மணி என அறிந்த சி.ஆர்.1009 ரகத்தில், இம்மரபணு கலப்பின முறையில் சேர்க்கப்பட்டு, சி.ஆர்.1009 சப்1 உருவாயிற்று. ஆயினும், அரையளவு நீர் பல வாரங்கள் தேங்கும் வயலுக்கு இது முழுத்தீர்வன்று. அங்கே அடங்கியிருத்தல் பயன் தராது. வடிகால்களைத் தூர்வாரும் கடமையை எந்த விதையும் நீக்கிவிடாது.

ஹார்மோன் ஒவ்வொன்றிற்கும் ஒரே பணி என்று மனப்பாடம் செய்வது போதாது. எத்திலீன் என்னும் ஒரே செய்தி ஒரு நெல்லை நீளச் செய்கிறது. மற்றொன்றை அடங்கச் செய்கிறது. செய்தியைப் பெறும் உயிரணுவில் எம்மரபணு உள்ளது என்பதே விளைவை முடிவு செய்கிறது. இதனை உணர்ந்து கற்கும் மாணவர், தம் ஊர் வயலையே ஆய்வுக்கூடமாகக் காண்பர்.