வாசலில் ஐஸா? முந்தித் தெளியுங்கள்!

மகளுக்குப் பிரசவம், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று டொரன்டோவுக்கும் சிகாகோவுக்கும் பாஸ்டனுக்கும் கிளம்பும் அப்பா அம்மாக்கள் கொங்குப் பக்கம் ஏராளம். பருப்புப் பொடி, நல்லெண்ணெய், கம்பளிச் சட்டை என எல்லாவற்றையும் யோசித்துப் பெட்டியில் வைப்பார்கள். போய் இறங்கிய வீட்டு வாசலே வழுக்கிவிடும் என்பது மட்டும் நினைவுக்கு வராது. குளிர்காலத்தில் அங்கே போகிறவர்களுக்கும், ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் பிள்ளைகளுக்கும் சில குறிப்புகள்.

1. வாசல் தெளிப்பதை நிறுத்துங்கள். காலையில் எழுந்ததும் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்ட கை சும்மா இருக்காது. வெளியே பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருந்தால் தெளித்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கண்ணாடித் தகடாகிவிடும். மாசி, பங்குனி வரை கோலத்தைக் கதவுக்கு உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். வெளியே தெளிப்பதாக இருந்தால் உப்புக் கரைசல் மட்டும்தான்.

2. உப்புக் கரைசல் ஏன்? சாதாரணத் தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறையும். உப்பு கலந்தால் அந்த அளவு கீழே இறங்கும். நம்மூர் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் தயாராகும் தொட்டியைப் பார்த்திருந்தால் சட்டென்று புரியும். தகர அச்சுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் கட்டியாகிவிடும். அதைச் சுற்றி ஓடும் உப்புத் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதே உப்புத் தண்ணீர் தரையில் ஒரு படலமாக இருந்தால், மேலே விழும் பனி தரையோடு ஒட்டாது.

3. கலக்கும் அளவு. 1 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் உப்பு. 10 லிட்டருக்கு 3 கிலோ. எடைக் கணக்கில் இது ஏறத்தாழ 23 சதவீதம். இந்த அளவில்தான் உப்புத் தண்ணீரின் உறைநிலை மிகக் கீழே, மைனஸ் 21 டிகிரி வரை போகும். இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். இதைத் தாண்டினால் உறைநிலை திரும்ப மேலே ஏறும். வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி, முழுதும் கரைந்ததும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் உப்போடு வரும் கசடு ஸ்பிரேயரின் மூக்கை அடைத்துவிடும். அங்கே கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும் ராக் சால்ட் இதற்குப் போதும், அயோடின் உப்பு தேவையில்லை. கனடாவின் கோடரிச் ஊரில், ஹியூரன் ஏரிக்கு அடியில் இருக்கும் சுரங்கத்திலிருந்தே பெருமளவு சாலை உப்பு வெட்டி எடுக்கப்படுகிறது.

4. பனிக்கு முந்துங்கள். இந்த வித்தையின் உயிர் இதில்தான் இருக்கிறது. வானிலை அறிவிப்பில் நாளைக்குப் பனி என்றால், இன்று மாலை காய்ந்த தரையில் தெளித்துவிடுங்கள். தண்ணீர் ஆவியாகி உப்பு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தரையில் தங்கும். பனி விழுந்ததும் அது கரைந்து வேலையைத் தொடங்கும். ஒட்டிய பிறகு பெயர்க்க ஆகும் உப்பைவிட, ஒட்டாமல் தடுக்க ஆகும் உப்பு மிகவும் குறைவு.

5. தெளிக்கும் அளவு. 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 300 மில்லி போதும். கார் நிற்கும் 400 சதுர அடித் தளத்துக்கு ஒன்றேகால் லிட்டர் ஆகும். தரை சொதசொதவென்று நனைய வேண்டாம். காட்டில் மருந்தடிக்கும் கைப்பம்ப் டேங்க் மாதிரி பிளாஸ்டிக் ஸ்பிரேயர் ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். களைக்கொல்லி அடித்தது ஆகாது. வரி வரியாக, நடுவில் இடைவெளி விட்டுத் தெளியுங்கள். அங்கே மாநகராட்சி லாரிகள் சாலையில் கோடு கோடாக ஊற்றிப் போவதும் இப்படித்தான். இடையிலுள்ள காய்ந்த தரை காலுக்குப் பிடிப்புத் தரும்.

6. எப்போது தெளிக்கக் கூடாது? பனிக்கு முன்னால் மழை வரும் என்றால் வேண்டாம். உப்பு மொத்தமும் சாக்கடைக்குப் போய்விடும். விழுந்தவுடன் உறையும் மழைக்கும் இது நிற்காது. பலத்த காற்றில் தெளித்தால் பாதி புல்தரைக்குத்தான் போகும். கெட்டியான ஐஸ் மேல் ஊற்றுவதும் வீண். மேலாகக் கரைந்த தண்ணீர் கரைசலை நீர்க்க வைத்து, திரும்ப உறைந்து முன்னைவிட மோசமாக வழுக்கும்.

7. முதலில் ஷவல், பிறகு உப்பு. பனி நின்றதும் தள்ளி வழித்துவிடுங்கள். முந்தித் தெளித்த தரையில் அது அப்பளம் போலப் பெயர்ந்து வரும். குனிந்து தூக்கி வீசாதீர்கள். தரையோடு தள்ளிக்கொண்டே போங்கள். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவது நல்லது. குளிரில் ஷவல் பிடிப்பது இதயத்துக்குப் பெரிய சுமை.

8. ஐஸ் ஏற்கெனவே ஒட்டிவிட்டதா? அப்போது கட்டி உப்புதான் சரி, அது துளைத்துக்கொண்டு இறங்கும். தூவுவதற்கு முன் அந்த உப்பின் மேல் கொஞ்சம் கரைசலைத் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த உப்பு தரையில் பட்டுத் துள்ளி ஓடும். நனைந்த உப்பு விழுந்த இடத்திலேயே நிற்கும், உடனே கரையத் தொடங்கும்.

9. தரையின் குளிரைப் பாருங்கள். போன் காட்டுவது காற்றின் வெப்பநிலை. வாசல் படியும் மரத்தளமும் அதைவிடக் குளிர்ந்திருக்கலாம். தரை ஏறத்தாழ மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்புக் கரைசல் உறையாவிட்டாலும் ஐஸைக் கரைப்பதில் மந்தமாகிவிடும். அமெரிக்காவில் பாரன்ஹீட் கணக்கில் அது 15 டிகிரி. அதற்குக் கீழே மெக்னீசியம் குளோரைடு, இன்னும் கீழே கால்சியம் குளோரைடு. இவற்றின் கரைசல்களும் கடையில் கிடைக்கும். கடுங்குளிர் நாள்களில் டொரன்டோ மாநகராட்சி உப்புக் கரைசலோடு பீட்ரூட் சாறும் கலந்து சாலையில் ஊற்றியிருக்கிறது. எதுவும் எடுபடாத குளிரில் மணல் தூவுங்கள். கரைக்காது என்றாலும் கால் வழுக்காது.

10. கால்சியம் குளோரைடு கலக்கும்போது எச்சரிக்கை. இது கரையும்போது நன்றாகச் சூடேறும். எப்போதும் தண்ணீரில்தான் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். இதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளதால், ஷூவோடு வீட்டுக்குள் வந்து மரத்தரையையும் வழுக்க வைக்கும். வாசலில் ஒரு முரட்டு மிதியடி போடுங்கள்.

11. யூரியா, வெந்நீர் இரண்டும் வேண்டாம். தோட்டங்காட்டுப் பழக்கத்தில் யூரியா நினைவுக்கு வரலாம். அது லேசான குளிருக்குத்தான் வேலை செய்யும், தழைச்சத்தாக ஓடைக்குப் போய்ப் பாசி பிடிக்க வைக்கும். அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் உரங்கள் கான்கிரீட்டையே அரித்துவிடும். வெந்நீர் ஊற்றினால் அது ஓடிப் போய்ப் படியின் கீழே உறைந்து நிற்கும்.

12. புது கான்கிரீட்டுக்கு ஒரு குளிர்காலம் விடுமுறை. அந்த ஆண்டு போட்ட தளத்தில் எந்த உப்பும் வேண்டாம், மணல் போதும். கரைவதும் உறைவதுமாக மாறி மாறி நடக்கும்போது மேல்தோல் செதில் செதிலாக உரியும்.

13. ஷூ, கார், நாய். ஷூவில் படியும் வெள்ளைக் கறையை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தால் போய்விடும். காரின் அடிப்பகுதியை அவ்வப்போது கழுவாவிட்டால் துருப்பிடிக்கும். நாயை நடத்திக்கொண்டு வந்தால் பாதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி விடுங்கள். நக்கினால் வயிற்றுக்கு ஆகாது.

14. குறைவாகத் தெளிப்பதே நல்லது, நொய்யலை நினையுங்கள். உப்பு ஐஸைக் கரைத்துவிட்டுக் காணாமல் போவதில்லை. உருகிய தண்ணீரோடு ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு தேக்கரண்டி உப்பு 19 லிட்டர் தண்ணீரை நன்னீர் உயிர்களுக்கு ஆகாததாக்கிவிடும் என்பது மினசோட்டா மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லும் கணக்கு. உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்று கொங்கு நாட்டுக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரே பயிருக்கு ஆகாமல் போனது. கிணறுகள் கெட்டன. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது போனது. ஐஸ் போய்த் தரை காய்ந்த பிறகும் உப்புப் பரல் கிடந்தால் நீங்கள் போட்டது அதிகம். கூட்டி அள்ளி டப்பாவில் வையுங்கள், அடுத்த பனிக்கு ஆகும்.

15. நடையை மாற்றுங்கள். எவ்வளவு தெளித்தாலும் பிளாக் ஐஸ் எனப்படும் மெல்லிய படலம் எங்காவது ஒளிந்திருக்கும். சின்ன அடி, முழுப் பாதமும் தரையில், உடம்பு லேசாக முன்னால் சாய்ந்து, கை பாக்கெட்டுக்கு வெளியே. செருப்போடு குப்பை போடக்கூட வெளியே போகாதீர்கள். சேலை கட்டுகிறவர்கள் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டுங்கள். ஷூவின் அடியில் மாட்டும் முள் பட்டையும் கடையில் கிடைக்கும்.

16. ஊட்டிக்கு இது பொருந்தாது. மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, தலைக்குந்தா பக்கம் புல்லில் வெள்ளையாகப் படியும் உறைபனி வெயில் ஏறினால் தானே போய்விடும். அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டாம், செடி கருகிவிடும். அங்கே போகிறவர்கள் கார்க் கண்ணாடியில் பனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். இரவே ஒரு துணியால் மூடி வையுங்கள்.

17. மீந்த கரைசல். பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, 'உப்புக் கரைசல், குடிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கெட்டுப்போகாது, அடுத்த குளிர்காலத்துக்கு அப்படியே எடுக்கலாம். ஸ்பிரேயரில் நல்ல தண்ணீர் விட்டு ஒருமுறை அடித்துக் கழுவி வைத்தால் உலோகப் பாகங்கள் அரிக்காது. ஊருக்குக் கிளம்பும் முன் கலவை அளவை ஒரு தாளில் எழுதி, பிள்ளைகள் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள்.