கடலில்லா ஊரார் கடலைக் கற்பதேன்?

சேலத்திற்குக் கிழக்கேயுள்ள எம்மூராகிய அயோத்தியாப்பட்டணம் பெயரளவிற் பட்டணமேயன்றி, அலையோசை கேட்டறியாதது. கோதண்டராமர் கோயிலும், தென்னையும், மரவள்ளிக் கொல்லைகளும் ஆங்குக் காணலாம். கீழ்கடற்கரையோ 150 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ளது. இத்தகைய ஊரிற் பிறந்த யாம், கடல்நீரிற் கலக்கும் பிளாஸ்டிக் கழிவைப்பற்றிக் கற்கப் புகுந்தோமென்றதும், "கடலோரத்தார் பணியை நீவிர் மேற்கொள்வதேன்?" என நண்பர் பலர் வினவினர். அதற்கு விடையே இச்சிறு கட்டுரை.

எம் வீட்டருகே ஓர் ஓடையுண்டு. கோடையில் அது வற்றிக் கிடக்க, பைகளும் தேநீர்க் குவளைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் பாலத்தடியிற் குவிந்திருக்கும். அவற்றுள் எம் வீட்டார் எறிந்தனவும் இருந்தன என்பதை ஒளித்தலாகாது. ஓராண்டு ஐப்பசியில், ஓரிரவு வெள்ளம் யாவற்றையும் வாரிச் சென்றது. மறுநாட் காலை அண்டை வீட்டுப் பெரியவர், "நல்ல மழை, தம்பி! ஓடை சுத்தமாய்விட்டது" என்று மகிழ்ந்தார். யாமும் மகிழ்ந்தோம். ஆயின், "அவையெல்லாம் எங்கே போயின?" என்ற ஐயம் அன்றெழுந்தது, இன்றளவும் எம்மை விட்டிலது.

பூகோளப் படம் அதற்கு விடை கூறிற்று. சேர்வராயன் மலைப்பகுதியிற் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரூடே சென்று, நாமக்கல் மாவட்டத்திற் காவிரியோடு கலக்கின்றது. காவிரி முக்கொம்பிற் பிரிய, பெருவெள்ளம் கொள்ளிடத்தின் வழியே சென்று, பழையாற்றின் அருகே கடலை அடைகின்றது. ஆகவே ஓடையைக் கழுவிய மழை குப்பையை அழித்திலது, இடம் மாற்றியதேயாம்.

இனி, அங்கு நிகழ்வது யாது? பைகளுக்குப் பயன்படும் பாலிதீன் 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், வேறொரு சோதனையினிடையே தற்செயலாய்க் கிடைத்தது. இலேசும் உறுதியும் மலிவும் அதன் நற்குணங்கள். எளிதில் மக்காமையே அதன் குற்றம். வெயிலாலும் அலையாலும் அது நொறுங்கித் துகளாகின்றது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றை நுண்பிளாஸ்டிக் என்பர். அவற்றை இரையெனக் கருதி மீனும் சிற்றுயிர்களும் விழுங்குகின்றன. 2010-ஆம் ஆண்டில் மட்டும் 48 இலட்சம் முதல் 127 இலட்சம் டன் வரை பிளாஸ்டிக் நிலத்திலிருந்து கடலிற் சேர்ந்திருக்கலாமென 2015-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

2021-ல் கொழும்புக்கருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோதும், 2025-ல் கேரளக் கடலில் எல்சா 3 என்னும் கப்பல் மூழ்கியபோதும், பிளாஸ்டிக் மணிகள் கரைகளில் ஒதுங்கின. உலகம் திடுக்கிட்டது. ஆனால் எம் ஓடை ஆண்டுதோறும் அரவமின்றிச் செய்யும் தீங்கைச் செய்தியாக எழுதுவார் யார்?

எம் தந்தையாரோ, "கடலைப் படித்தால் பிழைப்பு ஏது?" என்றார். அவர் கேட்டது நியாயமே. யாம் வாதாடாது, பாலத்தடியிலிருந்து ஒரு படி மணலை எடுத்து, உப்பைக் கரைத்த நீரிலிட்டுக் கலக்கித் தெளியவைத்தோம். மணல் அடியிற் படிய, பிளாஸ்டிக்கில் இலேசான வகைகளின் துணுக்குகள் மேலே மிதந்தன. அவற்றுள் எம் வீட்டு மளிகைப் பையின் நீல நிறமும் தென்பட்டது. தந்தையார் நெடுநேரம் நோக்கி நின்றார்; மறுநாள் சந்தைக்குத் துணிப்பையுடன் சென்றார். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் நடத்தும் கடல் உயிரியல் நிலையத்திற்குப் பின்னாளிற் செல்லவும் இசைந்தார்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை நம் மாநில அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. 2021-ல் மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கியது. சட்டம் நன்றே. எனினும் எப்பொருள் எவ்வழியே எவ்வளவு செல்கின்றதென அளந்தறிந்தாலன்றித் தடுக்கும் இடம் புலப்படாது. அளத்தற்குரிய முதலிடம் கடற்கரையன்று. நம் ஊர்ப் பாலமேயாம்.

சக மாணவர்காள்! கடலைக் காணாதவர் உளர். கடலோடு தொடர்பில்லாதவர் இலர். நும்மூர் ஓடை எங்குச் சென்று சேர்கின்றதென ஒருமுறை வினவிப் பார்மின்.