மின்கட்டண அட்டையில் வாழ்வியல் கணிதம்

மும்பைப் புறநகரில் ஒரு வீட்டார் தமக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். நம் சேலம், நாமக்கல் வீடுகளுக்கு மின்வாரியம் ஒன்றுதான். ஆனால், 2024இல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தபின் இங்கும் ஒரு கேள்வி எழுந்துள்ளது: மொட்டைமாடியில் சூரியத் தகடு போடலாமா, வேண்டாமா? கடன் வாங்கிப் போடும் குடும்பங்கள் நம் மாணவர்களின் குடும்பங்களே. எனவே எட்டாம் வகுப்பு ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்தில் இதைச் செயல்பாடாகத் தரலாம்.

செயல்பாடு 1: படிக்கட்டுக் கட்டணம்

10.09.2022 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தைக் கரும்பலகையில் எழுதுக. (இரு மாதங்களுக்கு)

500 யூனிட் வரை: முதல் 100 இலவசம்; 101–200 ரூ.2.25, 201–400 ரூ.4.50, 401–500 ரூ.6.

500ஐத் தாண்டினால்: முதல் 100 இலவசம், 101–400 ரூ.4.50, 401–500 ரூ.6, 501–600 ரூ.8, 601–800 ரூ.9.

500 யூனிட்டுக்கு ரூ.1,725. 501 யூனிட்டுக்கு ரூ.1,958. ஒரே யூனிட்டுக்கு ரூ.233 கூடுவது ஏன் என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். 101–200 படியின் சலுகை பறிபோவதே காரணம்.

செயல்பாடு 2: ஒரே தகடு, இரு வீடுகள்

ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 60 நாளில் 240.

700 யூனிட் வீடு: ரூ.3,650 என்பது 460 யூனிட்டுக்கான ரூ.1,485 ஆகும். மிச்சம் ரூ.2,165.
300 யூனிட் வீடு: ரூ.675 முழுவதும் மிச்சம், அவ்வளவுதான்.

ஒரு கிலோவாட்டுக்கு மானியம் ரூ.30,000. மானியம் போகக் கைச்செலவு ரூ.40,000 என்று வைத்துக்கொண்டால், முதல் வீட்டுக்குப் போட்ட பணம் மூன்றே ஆண்டுகளில் திரும்பும். இரண்டாம் வீட்டுக்குப் பத்து ஆண்டுகள் ஆகும். கடன் வட்டியையும் சேர்த்தால்? தனிவட்டிக் கணக்கை இங்கே இணைக்கலாம்.

செயல்பாடு 3: மூன்றாவது வழி

520 யூனிட் வீட்டில் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும் 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 35 வாட் விசிறி மாட்டினால் 24 யூனிட் குறையும். கட்டணம் ரூ.2,110இலிருந்து ரூ.1,701 ஆகும். தகடே தேவைப்படாத வீடும் உண்டு.

ஆசிரியர் கவனத்திற்கு

- கட்டணம் பின்னர் திருத்தப்பட்டுள்ளது. முறையைக் கற்பித்தபின், நடப்பு விகிதத்தில் மீண்டும் கணக்கிடச் செய்க.
- பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் தறி இணைப்புக்குத் தனிக் கட்டணம். வீட்டு இணைப்பின் அளவை மட்டும் எடுக்க வேண்டும்.
- எந்த மாணவரின் வீட்டுக் கட்டணத்தையும் வகுப்பில் வாசிக்கச் சொல்ல வேண்டாம். பெயரில்லாத் தாளில் யூனிட்டை மட்டும் எழுதி வாங்குக.
- வாடகை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருப்போருக்கு மாடி கையில் இல்லை. அவர்களுக்குச் செயல்பாடு 3 பொருந்தும்.

மதிப்பீடு

“தகடு போட்டால் எல்லா வீட்டுக்கும் லாபம்” என்கிறார் ஒரு விற்பனையாளர். அவரிடம் நீ கேட்கும் மூன்று கேள்விகளைக் கணக்கோடு எழுது.