தேனீக்கு எட்டும் பூ, எட்டாத பூ



பாரிட் புந்தாரில் எங்கள் ஆலயத்தின் பின்புறம் நந்தவனம் அமைப்பதற்கென்று அன்பர்கள் மனமுவந்து அளித்த பணத்தில், 36 வெட்சிச் செடிகளை வாங்கி நட்டவன் நான். இட்லிப்பூ என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்தச் செடிதான். முருகப் பெருமானுக்கு உகந்த சிவப்பு மலர். அத்துடன் தேனீக்களுக்கும் நல்ல விருந்தாக அமையும் என்று நிர்வாகக் கூட்டத்தில் நானே எழுந்து பேசினேன். பள்ளி ஆசிரியராக இருந்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

செடிகள் செழித்தன. கொத்துக் கொத்தாகப் பூத்தன. தேனீ மட்டும் வரவில்லை. மணிக்கூண்டின் அடியில், செங்கல் பொந்து ஒன்றில், பல ஆண்டுகளாக ஒரு தேன்கூடு இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் தேனீக்கள் என் வெட்சிகளின் மேலாகப் பறந்து எங்கோ போய்க்கொண்டிருந்தன. தம் கணவரின் நினைவாக 6 செடிகளுக்குப் பணம் கொடுத்த அம்மையார் ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் என்னிடம், "வாத்தியாரய்யா, தேனீ வரும்னு சொன்னீங்களே, ஒண்ணையும் காணோமே" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது வாங்கியவனின் கடமை அல்லவா? அதன்பின் நான் படித்தும் பார்த்தும் அறிந்துகொண்டதை இம்மலரின் வாயிலாகச் சமர்ப்பிக்கிறேன்.

முதலில் ஒரு பூவைப் பறித்து, பேரனின் அடிக்கோலால் அளந்து பார்த்தேன். வெட்சிப் பூவின் இதழ்களுக்குக் கீழே ஊசி போன்ற குழல் ஒன்று இருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். தேன் இருப்பது அக்குழலின் அடியில். நம் ஊர்த் தேனீயின் நாக்கோ ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட ஓர் அரிசி மணியின் நீளம். தலையை உள்ளே நுழைக்கலாம் என்றால் குழலின் வாயில் அதற்கும் இடமில்லை. வெட்சி வண்ணத்துப்பூச்சிக்கு உரிய பூ. அதன் உறிஞ்சுகுழல் சுருள் கம்பி போன்றது. விரித்தால் அடிவரை எட்டும். மல்லிகையும் ஏறக்குறைய இதே கதைதான். அது இருட்டியபின் மலர்ந்து, அந்திப்பூச்சிகளை எதிர்பார்த்து நிற்கிறது. நான் தேனீக்குப் போட்ட விருந்து, கழுத்து நீண்ட கூஜாவில் வைத்த பாயசமாக முடிந்துவிட்டது.

இந்த நாக்கின் அளவு பெரிய அறிஞர்களையும் சிந்திக்க வைத்திருக்கிறது. சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலிலேயே, செந்நிற குளோவர்ப் பூவின் தேன் வீட்டுத் தேனீக்கு எட்டுவதில்லை என்றும், நாக்கு நீண்ட பெரிய வகைத் தேனீக்களே அதை நாடுகின்றன என்றும் எழுதியிருக்கிறார். 1862-இல், மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் பூ ஒன்றில் ஓரடிக்குச் சற்றே குறைந்த தேன்குழலைக் கண்டு, அத்தனை நீள நாக்குடைய அந்திப்பூச்சி ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று கூறினார். அவர் காலமாகி 21 ஆண்டுகளுக்குப் பிறகு, 1903-இல்தான் அப்பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது.

ஆனால் நாக்கு குட்டை என்பதோடு தேனீயின் கதை முடிந்துவிடவில்லை.

தேனீயின் நாக்கை நெருங்கிப் பார்த்தால் அது நுண்ணிய மயிர்கள் அடர்ந்த தூரிகை போன்றது. ஒரு நொடிக்குள் பல முறை அது தேனில் தோய்ந்து மீளும். ஹோமத்தில் மாவிலையை நெய்யில் தோய்த்து எடுக்கும்போது இலையில் எவ்வளவு ஒட்டியதோ அவ்வளவு நெய்தான் குண்டத்திற்கு வரும். தேனீ நக்குவதும் அப்படித்தான். நெய் கெட்டியாக இருந்தால் இலையில் நிறைய ஒட்டும். தண்ணீரைத் தோய்த்தால் வழிந்துவிடும். தேனீயும் இதை அறிந்து நடந்துகொள்கிறது. தேன் கெட்டியாக இருந்தால் நக்குகிறது, நீர்த்திருந்தால் உறிஞ்சுகிறது. தேனீக்கு நக்க மட்டுமே தெரியும் என்றுதான் நெடுங்காலமாக நம்பியிருந்தார்கள். சீன ஆய்வாளர்கள் பிற நாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது.

அதே குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வுதான் நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. குழலுக்குள் தேன்மட்டம் வாய்க்கு அருகில் இருக்கும்வரை தேனீ நக்கி எடுக்கிறது. மட்டம் கீழே இறங்கி, நாவைத் தோய்த்து மீட்பது வீண் உழைப்பாகும் நிலை வந்ததும், முறையை மாற்றிக்கொள்கிறது. நாவைப் பூக்குழலின் சுவரோடு ஒட்ட வைத்து, அதன் ஓரங்களின் வழியே தேனை நேரடியாக உறிஞ்சுகிறது. இளநீர் வெட்டிக் குடிக்கும்போது, தண்ணீர் அடிக்குப் போனபின் நாம் உறிஞ்சுகுழலைச் சாய்த்து ஓட்டின் ஓரத்தில் வைத்துக் கடைசிச் சொட்டுவரை இழுப்போமே, ஏறக்குறைய அந்தச் சாமர்த்தியம். தேன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்து, எந்த முறையில் அதிகம் கிடைக்குமோ அந்த முறைக்கு மாறுகிறது. ஆராயப்பட்டது பெட்டிகளில் வளர்க்கப்படும் மேற்கத்தியத் தேனீ. நம் மணிக்கூண்டில் குடியிருப்பது அதன் நெருங்கிய உறவான ஆசியத் தேனீ. எந்தச் சாமர்த்தியத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை என் 36 வெட்சிகளும் சாட்சியாக நின்று சொல்கின்றன.

தனக்கு எட்டாததைப் பிறர் திறந்து வைத்தால் அதையும் தேனீ விடுவதில்லை. நம் வேலிகளில் மஞ்சள் மணி போலத் தொங்கும் டெக்கோமாப் பூவைக் காலையில் கவனித்துப் பாருங்கள். கட்டைவிரல் பருமனுள்ள கருவண்டு ஒன்று, மரச்சட்டங்களில் துளை போட்டு வாழுமே அதுதான், முன்வாசல் வழியாகப் போகாமல் பூவின் அடிப்புறத்தைக் கீறித் தேனை எடுத்துக்கொண்டு போகும். கருவண்டுகள் கீறிய பிளவுகளில் பின்னர் தேனீக்கள் வாய் வைப்பது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. தாமாகப் பூவைக் கீறும் வலிமை தேனீயின் தாடைக்கு இல்லை. கருவண்டைத் திருடன் என்று புத்தகங்கள் சொல்கின்றன. பின்னால் வரும் தேனீயை என்ன பெயரிட்டு அழைப்பது என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவது என் சொந்த அறியாமை. என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். எங்கள் லயத்துக்குப் பின்னால் காடாகப் பால்மரங்கள். ஆண்டின் தொடக்கத்தில் வெயில் ஏறி, இலையெல்லாம் உதிர்ந்து, செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்த மாதங்களில் மங்கில் பால் குறையும், வீட்டில் வரும்படியும் குறையும். ஆனால் காடு முழுக்கத் தேனீயின் ரீங்காரம் கேட்கும். "மரம் பூத்திருக்குடா, அதான்" என்பார் அப்பா. நானும் அதையே நம்பினேன். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

2014-ஆம் ஆண்டு மாசி மாதம் கன்னியாகுமரிக்கு யாத்திரை சென்றபோது மார்த்தாண்டத்தில் தங்கினேன். அது தேனுக்குப் பெயர்போன ஊர். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மறுமலர்ச்சி நிலையம், ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் தலைமையில், அங்குள்ள ஏழை மக்களுக்குத் தேனீப் பெட்டி வளர்ப்பைப் பழக்கியது. இன்றும் ரப்பர்த் தோட்டங்களே அவர்களின் முக்கியமான தேன் வயல். பெட்டி வைத்திருந்த முதியவர் ஒருவரிடம், "ரப்பர்ப் பூவில் இவ்வளவு தேனா?" என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "பூவுல இல்ல சாரே, இலையிலாக்கும்" என்று சொல்லி, இளம் பச்சையாக மாறிக்கொண்டிருந்த ஓர் இலையைப் பறித்து நீட்டினார். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறு புள்ளிகள் போன்ற சுரப்பிகள். அவற்றின் மேல் பனித்துளி அளவு ஈரம். விரலால் தொட்டு நாவில் வைத்தேன். இனித்தது.

அப்பாவின் மரத்தடியில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த இனிப்பைத் தெரிந்துகொள்ள எனக்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

ரப்பர்ப் பூ மிகச் சிறியது. அதில் மகரந்தச் சேர்க்கை செய்பவை கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சிகள். இலையில் சுரக்கும் தேனுக்கும் காய்ப்பதற்கும் தொடர்பு இல்லை. பொதுவாக இலையில் தேன் சுரக்கும் செடிகள் அதை எறும்புகளுக்குக் கூலியாகக் கொடுக்கின்றன. எறும்பு காவல் இருந்தால் இளந்தளிரைப் புழு தின்னாது. அந்தக் கூலியில்தான் தேனீ பங்கு கேட்கிறது. இதில் இன்னொரு வியப்பும் உண்டு. பால்மரம் அமேசான் காட்டைச் சேர்ந்தது. 1877-இல்தான் அதன் கன்றுகள் சிங்கப்பூர் வந்து, அவற்றில் சில நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. ஆசியத் தேனீ அதற்குமுன் அந்த மரத்தைக் கண்டதே இல்லை. எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்காமல், பூவை விட்டு இலைக்காம்பில் தேன் இருப்பதை அது கண்டுகொண்டது. நம் நாட்டில் அக்காசியா தேன் என்று விற்பதும் பெரும்பாலும் அந்த மரத்தின் இலை போன்ற காம்பின் அடியில் சுரப்பதுதான்.

இப்பொழுது நம் ஊரைப் பாருங்கள். கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906-இல் நிறைவேறியதிலிருந்து இது நெல் விளையும் பூமி. நெற்பூவில் தேன் கிடையாது. அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிப்பது. பால்மரம் இருந்த இடங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. செம்பனைப் பூவிலும் தேன் இல்லை. அதன் மகரந்தச் சேர்க்கைக்கென்றே ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சிறு வண்டை 1981-இல் கொண்டுவந்து விட்டார்கள். பேருந்தில் போகும்போது இருபுறமும் பச்சைப் பசேல் என்று நம் கண் குளிர்கிறது. அதே வழியில் பறக்கும் தேனீக்கு வரப்போரக் களைச்செடிகளை விட்டால் ஏதும் அகப்படாது. ஆசியத் தேனீ பெரும்பாலும் கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலேயே இரை தேடுவது.

அப்படியானால் நம் மணிக்கூண்டுத் தேனீக்கள் எதை உண்டு வாழ்கின்றன? ஒரு வாரம் காலை 7 மணிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வெட்சிகளைத் தாண்டி, ஆலயத்தின் பின்மதிலை ஒட்டிய 5 தென்னை மரங்களுக்கு அவை போய் வந்துகொண்டிருந்தன. தென்னம்பூவில் குழலும் இல்லை, ஆழமும் இல்லை. திறந்து வைத்த தட்டில் தேன். காய்க்கிற தென்னையில் ஏறத்தாழ மாதம் ஒரு பாளை வெடிக்கும். ஆண்பூக்கள் வாரக்கணக்கில் நாள்தோறும் புதிதாக மலரும். ஐந்து மரம் இருந்தால் எந்த மாதமும் ஏதாவது ஒரு பாளை திறந்திருக்கும்.

அந்த 5 மரங்களையும் வெட்டி, திருவிழாக் காலத்தில் வாகனம் நிறுத்த இடம் செய்யலாம் என்று ஒரு தீர்மானம் வந்திருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். தேங்காய் விழுந்து யாருக்காவது அடிபடும் என்ற அச்சம் நியாயமானது. சென்ற கூட்டத்தில் அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களுள் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இன்று கேட்டால் கை தூக்க மாட்டேன். மாதம் ஒருமுறை ஆள் வைத்துக் காயையும் பழுத்த மட்டையையும் இறக்கிவிட்டால் அச்சம் தீரும். தேங்காய் பூசைக்கும் ஆகும். அந்தச் செலவில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று நிர்வாகத்திற்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் பொதுக்கூட்டத்தில் இது மறுபடியும் பேசப்படும்.

வெட்சிகளில் 12 செடிகளைப் பெயர்த்து அன்பர்களின் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் துளசி வைத்திருக்கிறோம். துளசிப் பூவின் குழல் சில மில்லிமீட்டர்தான். நட்ட மூன்றாம் மாதமே கதிர்தோறும் தேனீ வந்து மொய்க்கத் தொடங்கியது. வேலியில் கொடிரோஜாவும் ஏற்றியிருக்கிறோம். அம்மையார் தம் கணவர் நினைவாகக் கொடுத்த 6 வெட்சிகளையும் எடுத்துவிடட்டுமா என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இருக்கட்டும் ஐயா, வண்ணத்துப்பூச்சி வருதே" என்றார்.